வரிக்காரனின் ஆள்

யவனர் தடம் – 9

ரோமில் ஒருவன் தெருவில் குத்துப்பட்டுச் செத்தால் விசாரிக்க ஆள் வராது. பிணத்தை எடுப்பது, சந்தேகப்பட்டவன் பெயரைச் சொல்வது, சாட்சி தேடுவது, அவனை மன்றுக்கு இழுத்துப் போவது எல்லாம் செத்தவன் வீட்டார் பாடு. கி.பி. 6ஆம் ஆண்டில் அகஸ்டஸ் ஏழு பிரிவுகள் கொண்ட இராக்காவல் படை ஒன்றை அமைத்தான். அதற்கும் முதல் வேலை தீயணைப்பு. மிச்ச நேரத்தில் திருடனையும் ஓடிப்போன அடிமையையும் பிடிப்பது. துப்புத் துலக்குவது அங்கே எவருடைய உத்தியோகமும் அல்ல. அந்த இடைவெளியில் பிழைத்தவர்கள் காட்டிக்கொடுப்போர். பணக்காரன் ஒருவன் மேல் குற்றம் சாட்டி மெய்ப்பித்துவிட்டால் அவன் சொத்தில் கால் பங்கு சாட்டியவனுக்கு. ஊரே வெறுத்த தொழில், ஆனால் சக்கரவர்த்திகளுக்குத் தேவைப்பட்ட தொழில்.

கி.பி. 6 என்ற அந்த ஆண்டு இந்த அத்தியாயத்தில் இன்னொரு முறை வரும்.

இப்படிப்பட்ட ஒருவனைக் கதாநாயகனாக்கலாம் என்று லிண்ட்சி டேவிஸ் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளருக்குத் தோன்றியது. 1989இல் வந்த அவருடைய ‘சில்வர் பிக்ஸ்’ நாவலில் மார்க்கஸ் டிடியஸ் ஃபால்கோ அறிமுகமானான். அவென்டைன் குன்றில், ஒரு சலவைக்கடைக்கு மேலே, ஆறாம் மாடியில் குடியிருக்கிறான். ரோமின் அடுக்குவீடுகளில் மேலே போகப்போக வாடகை குறையும். தண்ணீரைச் சுமந்து ஏறவேண்டும், தீப்பிடித்தால் இறங்க வழியிராது. வாடகைப் பாக்கி, சளசளக்கும் தாய், நாக்கில் எப்போதும் ஒரு நக்கல். அவன் பின்தொடரும் சரக்கு பிரித்தானியச் சுரங்கத்து ஈயப் பாளங்கள். அந்த ஈயத்துக்குள் வெள்ளி இருக்கிறது, வெள்ளிக்குப் பின்னால் ஒரு சதி இருக்கிறது. சக்கரவர்த்தி வெஸ்பாசியன், காசில் கறார். சலவைக்காரர் துணி வெளுக்கப் பயன்படுத்திய சிறுநீருக்கும் வரி போட்டவன் என்று பழைய ரோம ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2010இல் வந்த ‘நெமெசிஸ்’ வரை ஃபால்கோ கதைகள் மொத்தம் 20. அதன் பிறகு அவன் வளர்ப்பு மகள் ஃபிளாவியா ஆல்பியா தொழிலை எடுத்துக்கொண்டாள்.

கூலிக்குத் துப்பறிபவனின் இந்தக் கதை வகைக்குத் தாய்வீடு அமெரிக்கா. பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்த டேஷியல் ஹேமெட் 1930இல் ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ எழுதினார். 1939இல் ரேமண்ட் சாண்ட்லரின் ‘பிக் ஸ்லீப்’ வந்தது. சாண்ட்லர் இலண்டன் டல்லிச் கல்லூரியில் இலத்தீன் படித்தவர் என்பது தனிச் சுவை. ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் குற்றவாளி அகப்பட்டால் உலகம் பழையபடி சரியாகிவிடும். ஹேமெட், சாண்ட்லர் கதைகளில் குற்றவாளி அகப்படுவான், ஆனால் பணம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். துப்பறிபவன் அடிவாங்கியது மிச்சம். கூலிக்கு உழைக்கிறான், கூலி கொடுத்தவனையே நம்புவதில்லை. ரோமுக்கு இதைவிடப் பொருந்தும் கதைமுறை வேறில்லை.

டேவிஸுக்கு இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்கரான ஸ்டீவன் செய்லர் ‘ரோமன் பிளட்’ நாவலைக் கொண்டுவந்தார். அதில் வழக்கு கற்பனை அல்ல. கி.மு. 80இல் செக்ஸ்டஸ் ரோஸ்கியஸ் என்ற நாட்டுப்புறத்தான் தகப்பனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டான். செத்தவரின் 13 பண்ணைகள், 60 இலட்சம் செஸ்டர்ஸ் பெறுமதி, வெறும் 2,000க்கு ஏலத்தில் போயின. எடுத்தவன் கிரிசோகோனஸ், சர்வாதிகாரி சுல்லாவின் செல்லப்பிள்ளை, அவனால் விடுதலை பெற்ற அடிமை. 26 வயது சிசரோ மகனுக்காக வாதாடி வென்றார். பழைய நீதிபதி ஒருவர் எந்த வழக்கிலும் கேட்கும் கேள்வியை அன்று அவர் மன்றில் எடுத்துப் போட்டார்: இதனால் யாருக்கு இலாபம்? ரோமத் துப்பறியும் நாவல்கள் அத்தனையும் இந்த ஒரு கேள்வியில்தான் ஓடுகின்றன.

தமிழிலும் யவனர் கதைக்குப் பஞ்சமில்லை. சாண்டில்யனின் ‘யவன ராணி’யை வாரந்தோறும் காத்திருந்து வாசித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் நம்மவர் யவனனிடம் வாளையும் மதுக்கிண்ணத்தையும்தான் கண்டார்கள். அவன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த நாவல் என் கண்ணில் படவில்லை. நம் துப்பறியும் நாயகர்களான சங்கர்லாலோ கணேஷோ ஒரு சுங்கக் கணக்கைத் தேடி அரிக்கமேட்டுக்குப் போயிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று சில சமயம் நினைப்பதுண்டு.

வரலாற்றுத் தொடரில் நாவலுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்பவர்கள் சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார் பக்கமிருந்து ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வழுக்கையாற்றின் மேல்முகமாகக் கந்தரோடைக்கு வரவேண்டும். மாரியில் மட்டும் ஓடும் இந்த ஆற்றின் வழியைச் சென்ற இதழில் பார்த்தோம். தோட்டங்களும் பனைகளும் ஒழுங்கைகளும் கடந்தால், முருகைக்கல்லில் கட்டிய சின்னச் சின்ன அரைக்கோளங்கள் வேலிக்குள் கூட்டமாக நிற்கும். போல் ஈ. பீரிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1917இலும் 1919இலும் வெளியிட்ட கட்டுரைகளால்தான் இந்த இடம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவர் பட்டியலிட்ட பொருள்களில் முத்திரை குத்திய இந்திய வெள்ளிக் காசுகள் உண்டு, கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் குச்சிகள் உண்டு, ரோமக் காசுகளும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்ட மண்ணுக்குள் ரோமக் காசு எப்படி வந்தது என்ற வழக்கில் நமக்குக் கிடைத்த மிக நீளமான வாக்குமூலம், ஃபால்கோ வாழ்ந்ததாகச் சொல்லப்படும் அதே ரோமில், அதே வெஸ்பாசியன் காலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் மூத்த பிளினி. அவருடைய ‘இயற்கை வரலாறு’ கி.பி. 77இல் இளவரசன் டைட்டஸுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஃபால்கோவின் கடைசிக் கதை நடப்பதும் 77இல்தான்.

வாக்குமூலத்தைக் கேட்போம்.

செங்கடல் வரியைக் கருவூலத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தவன் அன்னியஸ் பிளோகாமஸ். அவனால் விடுதலை பெற்ற ஓர் அடிமை அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் போகையில் வாடைக்காற்று அடித்துச் சென்றது. கார்மேனியாக் கரையையும் தாண்டி, பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்புரி என்ற துறையில் ஒதுங்கினான். தப்ரபேன் இலங்கை. ஹிப்புரியைச் சிலாபத்துக்கு வடக்கே குதிரைமலை முனையென்று பலர் சொல்கிறார்கள். ஹிப்புரி என்ற பெயருக்குள் கிரேக்கக் குதிரை ஒன்று நிற்கும் அந்தப் பொருத்தம் எனக்குக் கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாகப் படுகிறது, அதனால் ஒதுக்கி வைக்கிறேன். மன்னன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அதற்குள் அவன் நாட்டு மொழியைக் கற்று, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். அவனிடம் பிடிபட்ட பணத்தில் இருந்த தெனாரியஸ் வெள்ளிக் காசுகளை மன்னன் நிறுத்துப் பார்த்தான். தலைகள் வேறு வேறு, ஆகவே அடித்த அரசர்களும் வேறு வேறு. ஆனால் நிறை ஒன்று. இத்தனை நேர்மையான ஆட்களா என்று வியந்து, இராக்கியாஸ் என்பவனின் தலைமையில் நால்வரைத் தூதாக ரோமுக்கு அனுப்பினான். அவர்கள் வந்து சேர்ந்தது கிளாடியஸ் ஆட்சியில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில்.

பாடநூல்களில் இது ‘இலங்கையின் முதல் ரோமத் தூது’ என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். ஃபால்கோ இப்படி விட்டிருக்க மாட்டான். முதலில் அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டிருப்பான். பிளினி சொல்வது ‘பிடிபட்ட பணம்’. விருந்தாளியாக வரவேற்கப்பட்டவனின் பணப்பை மன்னன் கைக்கு எப்படிப் போனது? கரையொதுங்கிய கப்பலும் சரக்கும் அந்தக் கரையை ஆள்பவனுக்கு என்பது பழைய துறைமுகங்கள் பலவற்றின் வழக்கம். ஆறு மாத உபசரிப்பு என்று ரோமில் சொல்லப்பட்டது இங்கே காவலாக இருந்திருக்கலாம். பருவக்காற்று திரும்பும்வரை போக வழியில்லாமலும் இருந்திருக்கலாம். மொழியையும் அரை ஆண்டில் பேசப் பழகியிருக்கலாம். பேசி வைத்த பொய்களை யாரும் சரிபார்க்க முடியாத அளவுக்காவது.

அடுத்தது காற்று. அகஸ்டஸ் காலத்திலேயே செங்கடலின் மையோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். காற்றின் பருவம் மாலுமிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். சுங்கக் குத்தகைக்காரனின் ஆள் அரேபியக் கரையோரமாக என்ன வேலையாகப் போனான், எவ்வளவு காசோடு போனான், திரும்பி வந்து முதலாளியிடம் கணக்கு ஒப்பிக்கும்போது ‘காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது’ என்பதைவிட வசதியான பதில் வேறு இருந்ததா? இவன் திருடினான் என்று நான் சொல்லவரவில்லை. சாட்சியின் நிலை அப்படி என்கிறேன்.

தூதுவர் சொன்னதாகப் பிளினி எழுதிய விவரங்களுக்கும் இதே உரைகல். தீவில் 500 ஊர்கள். தலைநகர் பலேசிமுந்தத்தில் மட்டும் இரண்டு இலட்சம் பேர். நடுவே 375 மைல் சுற்றளவுள்ள ஏரி. மன்னன் மக்களால் தெரிவு செய்யப்படுபவன், வயதானவன், பிள்ளையில்லாதவன். பிள்ளை பிறந்தால் பதவி போய்விடும். மன்னன் தவறு செய்தால் அவனோடு ஒருவரும் முகங்கொடுத்துப் பேசாமல் விட்டே கொல்வார்கள். அடிமை இல்லை. பகல் தூக்கம் இல்லை. தானிய விலை ஏறுவதில்லை. நீதிமன்றமும் வழக்கும் இல்லை.

இந்தக் கடைசி வரியை வலிகாமத்தில் யாருக்காவது வாசித்துக் காட்டினால் சிரித்துவிடுவார்கள். இரவோடிரவாகக் கதியால் அரை அடி தள்ளி நடப்பட்டதற்குத் தகப்பன் போட்ட வழக்கை மகன் பேசி, பேரன் மேன்முறையீடு செய்யும் மண் இது.

சில தகவல்கள் உண்மையாகவே மாட்டிக்கொள்கின்றன. பெருவிழாக்களில் புலியும் யானையும் வேட்டையாடுவார்களாம். யானை சரி; காட்டுப் புலி இலங்கையில் இல்லை, இருப்பது சிறுத்தை. அதைவிட மோசமானது வானத்தைப் பற்றிய பேச்சு. சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகைக் கூட்டத்தையும் ரோமில்தான் புதிதாகக் கண்டதுபோலத் தூதுவர் வியந்தார்களாம். கார்த்திகை மாத இரவில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த ஆறு வெள்ளியும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும். யாழ்ப்பாணத்திலிருந்தானாலும் அநுராதபுரத்திலிருந்தானாலும் போனவன் இதைச் சொல்லியிருக்க முடியாது. ஆக, மொழிபெயர்த்தவன் குழம்பினான், அல்லது தப்ரபேன் என்பது பூமியின் மறுபக்கத்து உலகம் என்று முன்னமே நம்பியிருந்த ரோமர் தாங்கள் கேட்க விரும்பியதைக் கேட்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

அதே வாயிலிருந்து வந்த வேறொரு தகவல் அச்சொட்டாகப் பொருந்துவதுதான் சங்கடம். தீவுக்கும் இந்தியக் கரைக்கும் இடையே கடல் பசுமையாயிருக்கும். அடியில் மரங்கள் செறிந்திருக்கும். கப்பல் சுக்கான் பட்டு அவற்றின் நுனிகள் முறியும். பாக்கு நீரிணையில் வள்ளம் விட்ட எவரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். ஆழமில்லாக் கடல், கடற்புல், முருகைக்கல். இந்த ஒரு வரியைச் சொன்னவன் அந்தக் கடலைக் கடந்தவன். பொய் சொல்லும் சாட்சியும் தான் நின்ற இடத்தைப் பற்றி உண்மை பேசிவிடுவான்.

பிளினிக்கு இதனால் என்ன இலாபம்? அவர் ரோமின் ஆடம்பரத்தைக் கண்டு வயிறெரிந்த மனிதர். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று அதே ஆறாம் புத்தகத்தில் கணக்குச் சொன்னவர். அடிமையும் வழக்கும் இல்லாத ஒரு தீவு ரோமின் முகத்துக்கு முன்னால் பிடிக்க அவருக்கு வேண்டியிருந்தது. பிடித்துவிட்டு, உலகத்துக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட அந்தத் தீவிலும் பொன்னுக்கும் வெள்ளிக்கும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்று சலித்துக்கொண்டார். நல்லவர், உழைப்பாளி, இரண்டு ஆண்டு கழித்து வெசுவியஸ் வெடித்தபோது பார்க்கப் போய் உயிரை விட்டவர். ஆனால் நடுநிலைச் சாட்சி அல்ல.

இந்தக் கோப்பு இந்த நிலையில் 19 நூற்றாண்டுகள் கிடந்தது. கிளாடியஸ் காலம் என்று பிளினி சொன்னதால், மகாவம்சத்து அரசர் வரிசையில் அந்த ஆண்டுகளுக்கு நேரே வரும் சந்தமுகசிவனே தூது அனுப்பியவன் என்று பலர் எழுதினார்கள்.

துப்பு எகிப்தில் கிடந்தது. நைல் கரையிலிருக்கும் கொப்டோஸிலிருந்து செங்கடல் துறையான பெரெனிகேக்குப் பாலைவனத்தின் ஊடாக ஒரு வணிகப் பாதை போகிறது. வழியில் வாடி மெனி என்ற வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பாறை நிழலில் வழிப்போக்கர்கள் தங்கிக் கிறுக்கி வைத்த பெயர்கள் ஏராளம். ஜெர்மானியரான ஹான்ஸ் விங்க்ளர் 1936இல் அந்தப் பாலைவனத்தைத் துழாவியபோது இவற்றைக் கண்டார். 1953இல் டேவிட் மெரிடித் இரண்டு கிறுக்கல்களைப் பதிப்பித்தார். ஒன்று இலத்தீன், மற்றது கிரேக்கம், இரண்டும் ஒரே கை வேலை. புப்லியஸ் அன்னியஸ் பிளோகாமஸின் ஆளான லைசாஸ் இங்கே வந்தேன், சீசரின் 35ஆம் ஆண்டு என்று சொல்கின்றன. எகிப்தில் அகஸ்டஸின் 35ஆம் ஆண்டு, ஜூலை மாதத் தொடக்கம். நம் கணக்கில் கி.பி. 6.

ரோமில் இராக்காவல் படை அமைந்த அதே ஆண்டு, வரிக்காரனின் ஆள் ஒருவன் ஆடிமாத வெயிலில் அந்தப் பாறைக்குக் கீழே குந்தியிருந்து, தன் முதலாளியின் பெயரைக் கல்லில் கீறியிருக்கிறான். ஜூலையில் அந்தப் பாதையில் செங்கடலுக்குப் போகிறவன் பருவக்காற்றைப் பிடிக்கப் போகிறவன். இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் எகிப்திலிருந்து புறப்பட்டது அந்த மாதத்தில்தான். அவன் போனானா, துறைமுகத்தில் வரி பிரிக்க நின்றானா என்பதைக் கல் சொல்லாது. லைசாஸ்தான் காற்று அடித்துச் சென்றவன் என்று முடிவு கட்ட ஆசைப்பட்டவர்கள் உண்டு. கல்லில் அவன் அடிமை; பிளினியின் ஆள் விடுதலை பெற்றவன். நாவலாசிரியருக்கு இந்த இடைவெளி பொன். நமக்கு அது இடைவெளி மட்டுமே.

ஆனால் ஆண்டு பெரிய செய்தி. பிளோகாமஸின் வரிக் குத்தகை கிளாடியஸ் முடிசூடுவதற்கு 35 ஆண்டு முந்தியே நடந்திருக்கிறது. ஒரே மனிதன் அத்தனை காலம் குத்தகை வைத்திருந்தானா, மகனும் அதே பெயரில் தொடர்ந்தானா, பயணம் முன்னே நடந்து தூது மட்டும் பின்னே வந்ததா? பிளினியின் வசனத்தைக் கூர்ந்து வாசித்தால், தீவைப் பற்றிய தெளிவான அறிவு கிளாடியஸ் காலத்தில் தூதுவரோடு வந்தது என்கிறாரே ஒழிய, கப்பல் எப்போது காற்றில் அகப்பட்டது என்று ஆண்டு குறிக்கவில்லை. அந்த வாசல் திறந்ததும் வேறொரு மன்னன் உள்ளே வருகிறான். பாதிகாபயன். மகாவம்சத்துக்கான பாளி உரை, அவன் உரோமானுக்க நாட்டுக்கு ஆளனுப்பிச் செம்பவளம் தருவித்து அநுராதபுரத்து மகாதூபிக்கு வலை போர்த்தினான் என்கிறது. வழக்கமான கணக்கில் அவன் ஆட்சி கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் முடிகிறது. செம்பவளம் மத்தியதரைக் கடல் சரக்கு. இத்தாலிய அறிஞர் ஃபெடரிகோ டி ரோமானிஸ் இந்த இரண்டு நூல்மரபையும் பக்கத்தில் வைத்துப் பேசியவர். அரசர் காலக்கணக்கில் அறிஞர்களுக்குள் பல பத்தாண்டு வேறுபாடு இருப்பதால் தீர்ப்பு எழுதும் நிலைக்கு வழக்கு வரவில்லை. ஆனாலும் சந்தமுகசிவனைவிடப் பாதிகாபயன் பக்கமே என் சந்தேகம் சாய்கிறது.

இவ்வளவு தூரம் ஒரு வரிக்காரனுக்காக அலைவானேன்? தொகையைப் பார்த்தால் விளங்கும். எகிப்து வழியாக வரும் கிழக்குச் சரக்கு அத்தனைக்கும் நான்கில் ஒரு பங்கு தீர்வை. முசிறியிலிருந்து வந்த ஹெர்மபொல்லன் என்ற கப்பலின் கணக்கு 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் வியன்னாவில் இருக்கிறது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. யானைத் தந்தமும் கங்கைச் சடாமாஞ்சிலும் உட்பட அந்த ஒரு கப்பல் சுமை மட்டும் ஏறக்குறைய 70 இலட்சம் ட்ராக்மா. மேலே சொன்ன ரோஸ்கியஸின் 13 பண்ணைகளைவிட ஒரு கப்பல் அதிகம் பெறும். இந்தக் கால்பங்கு யார் கையால் போகிறது என்பதுதான் செங்கடல் அரசியல். பிளோகாமஸ் போன்றவனுக்கு இலங்கை மன்னனின் நட்பு வந்தால் இலாபம். இலங்கை மன்னனுக்கும் முசிறிக்காரரையும் கொற்கைக்காரரையும் தாண்டி நேரே விற்க வழி கிடைத்தால் இலாபம். தூதுக்கு நேர்மையை வியந்ததுதான் காரணம் என்பதை நம்ப மனம் வரவில்லை.

இப்போது கந்தரோடைக்குத் திரும்பவேண்டும், ஏனென்றால் மண் வேறு கதை சொல்கிறது.

மன்னன் நிறுத்துப் பார்த்து மயங்கிய வெள்ளித் தெனாரியஸ் தமிழ்நாட்டில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது, குறிப்பாகக் கொங்கு நாட்டில். பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள். கி.பி. 64இல் நீரோ தெனாரியஸின் நிறையையும் வெள்ளியையும் குறைத்த பிறகு அடித்தவை அங்கே அருமை. பழைய நிறைக்காசை மட்டும் பொறுக்கி வாங்கியவர்கள் நம் ஆட்கள். அந்த அளவில் பிளினியின் கதை சந்தையின் நடப்போடு ஒத்துப்போகிறது. இலங்கையிலோ அந்தக் காலத்து ரோம வெள்ளி கிடைத்தது மிக மிகக் கொஞ்சம். இங்கே ஆயிரக்கணக்கில் கிடைப்பவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புச் சில்லறைகள். சுண்டுவிரல் நகத்தளவு, ஒரு கிராம், ஒன்றரைக் கிராம். ஒரு பக்கம் தேய்ந்துபோன சக்கரவர்த்தி முகம். மறுபக்கம் சில நேரம் ஒரு சிலுவை, சில நேரம் ஈட்டி பிடித்த வீரன், பல நேரம் ஒன்றுமே தெரியாது. பச்சைக் களிம்பு ஏறிய இந்தச் சல்லிகள் போதாமல் இங்கேயே அச்சுவார்த்துப் போலியும் செய்திருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் வெள்ளியை எதிர்பார்த்துப் போன துப்பறிவாளன் கையில் சந்தைச் சில்லறையோடு நிற்கிறான்.

வெள்ளி வந்து உருக்கப்பட்டு நகையாகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அதைவிட எளிய விளக்கம் பிடிக்கிறது. 1ஆம் நூற்றாண்டில் யவனன் நேரே இங்கே வந்தது அருமை. இலங்கைச் சரக்கு தமிழகத் துறைகளுக்குப் போய், அங்கே யவனன் கையில் ஏறியது; அவன் கொடுத்த வெள்ளி அங்கேயே தங்கியது. கந்தரோடையும் மாதோட்டமும் அந்த வலையில் முடிச்சுகள்.

பானை ஓடுகளும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் 1970இல் கந்தரோடையில் அகழ்ந்தபோது ரூலெட்டட் வகைத் தட்டுகளின் உடைவுகள் வந்தன. கையில் எடுத்தால் முட்டையோடு போல் மெல்லிசு, வழவழப்பு. உட்புற அடியில் பொடிப் பொடிக் கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடும். 1945இல் அரிக்கமேட்டில் இவற்றைத் தோண்டிய மோர்ட்டிமர் வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஆகவே இந்த ஓடு எங்கே கிடைத்தாலும் அங்கே ரோமன் வந்தான் என்று எழுதும் வழக்கம் பரவியது. அந்தப் பென்சில்வேனியாக் குழுவைச் சேர்ந்த விமலா பெக்லி பிறகு அரிக்கமேட்டுப் பொருள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இந்தியக் குயவன் செய்த தட்டு, வீலர் சொன்ன காலத்துக்கும் முந்தியது என்று 1980களில் நிறுவினார். களிமண்ணைச் சோதித்தவர்களும் அதையே உறுதிப்படுத்தினார்கள். ஒரு பிரபலமான சாட்சியத்தை இவ்வளவு அமைதியாக உடைத்தவர் இந்தத் துறையில் குறைவு. ஃபால்கோவுக்கு இருக்கும் வாய்த்துடுக்கு அவர் கட்டுரையில் இல்லை, வேலை அதே வேலைதான்.

ஒன்று மட்டும் இன்னும் நெருடுகிறது. மன்னன் காசைப் பார்த்து ரோமை மெச்சிய கதை. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகர் கோஸ்மாஸ் எழுதிய நூலில் சோபத்ரோஸ் என்ற ரோம வணிகன் இலங்கை மன்னன் சபைக்கு வருகிறான். கூடவே ஒரு பாரசீகனும் நிற்கிறான். யாருடைய அரசன் பெரியவன் என்று மன்னன் கேட்க, பாரசீகன் தன் அரசனைப் புகழ்ந்து தள்ளுகிறான். சோபத்ரோஸ், இரண்டு பேருடைய காசையும் வைத்துப் பாருங்கள் என்கிறான். ரோமப் பொற்காசும் பாரசீக வெள்ளியும் மன்னன் கையில். பொன் வெல்கிறது. சோபத்ரோஸை யானைமேல் ஏற்றி முரசறைந்து ஊர்வலம் விடுகிறார்கள்.

இரண்டு கதைக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு. அதே தீவு, அதே காசுச் சோதனை, அதே மெச்சல், அதே வெற்றியாளன். ஒரே வாக்குமூலத்தை இரண்டு சாட்சிகள் சொல் மாறாமல் ஒப்பித்தால் எந்த விசாரணையாளனுக்கும் காது நிமிரும். கப்பற்காரர் மத்தியில் கைமாறிக் கைமாறி வந்த கதையைப் பிளினியின் ஆள் தன் பெயரில் சொன்னானா, அல்லது சோபத்ரோஸ் எங்கோ கேட்டதைத் தன் அனுபவமாக்கினானா? அடுத்த இதழில் கோஸ்மாஸையே கூண்டில் ஏற்றுவோம். அவர் தானே இலங்கைக்கு வந்தாரா என்பதில் தொடங்கவேண்டும்.

(தொடரும்)